இரண்டாவதாக ஏறியவர்

எங்கள் கடலோர ஊரான பெராஸ்டில் யாராவது இறந்துபோனால் என் அத்தான் யெரோனிம் முதலில் கவனிப்பது மணியோசையைத்தான். பெரிய மணியா, சின்ன மணியா, எவ்வளவு நேரம் அடிக்கிறார்கள், எத்தனை பாதிரியார்கள் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே என் காதருகே குனிவார்.

"இவனுக்கு இவ்வளவு நேரமா? எங்கப்பாவுக்கு இதுல பாதிகூட அடிக்கலையே, மாப்ள."

செத்தவன் மேலேயே பொறாமைப்படுகிற மனிதர் என்றால் உயிரோடு இருக்கிறவர்கள் மேல் எப்படியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. என் அக்காள் ஸ்டானே மேல் அவர் கை நீட்டியதில்லை. கடன் கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கொடுத்துவிட்டு, அவன் போன பிறகு, "அவன் போட்டிருந்த சட்டையைப் பார்த்தியா? என்கிட்ட அப்படி ஒண்ணு இருக்கா?" என்பார். அவ்வளவுதான்.

இளவயதில் வெனிஸ்காரர்களின் சரக்குக் கப்பலில் அலெக்சாண்ட்ரியா வரை போய் வந்தவர். அவர்கள் மொழியை அவர்களைப் போலவே பேசுவார். மே மாதத்தில் கடலில் மிதக்கவிட்ட சேவலைச் சுடும் போட்டியில் இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்தார். அடுத்த வருஷம் ஜெயித்தவனோடு அந்த வருஷம் முழுக்கப் பேசவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சண்டைப் படகுகள் இரண்டை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். முதல் படகில் அவருக்குப் பக்கத்தில் துடுப்பு போட்டவன் நான்.

நோவிக் கோட்டையைத் துருக்கியரிடமிருந்து பிடிப்பது என்று எங்களை ஆண்ட வெனிஸ் முடிவு செய்த வருஷம் அது. எங்கள் வளைகுடாவின் வாசலில் இருக்கிறது நோவி. அது அவர்கள் கையில் இருக்கும்வரை எங்கள் படகு ஒவ்வொன்றும் அவர்கள் பீரங்கிக்கு முன்னால்தான் ஊர்ந்து போக வேண்டும். அந்தக் கோடை முழுக்க வெனிஸின் கப்பல்களும் போப்பாண்டவரின் கப்பல்களும் மால்டாவின் கப்பல்களும் வந்து சேர்ந்தபடி இருந்தன. மூன்று கொடி, மூன்று பேச்சு, தினமும் மூன்று சண்டை. கப்பல் கொள்ளாத ஆட்களைப் பெராஸ்டில் வீட்டுக்கு ஒருவராக, இருவராகப் பிரித்துத் தங்கவைத்தார்கள்.

எங்கள் அக்காள் வீட்டுக்கு வந்தவன் சால்வு. மால்டாக்காரன். அத்தானைப் போலவே அவனும் இரண்டு படகுக்குத் தலைவன். குள்ளம், காளைக் கழுத்து, வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல். எங்கள் பேச்சை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான், வசவுகளில் தொடங்கி. வந்த மூன்றாம் நாளே அடுப்படியில் நுழைந்து, கணவாய் மீனை அதன் கறுப்பு மையோடு, வெங்காயமும் திராட்சை மதுவும் விட்டு வேகவைத்தான். அக்காள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன சிரிப்பு அங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் அத்தான்.

"ஒண்ணுமில்லங்க. கணவாய் வெந்துடுச்சான்னு கேக்குறதுக்கு, உன் வீட்டுக்காரர் வெந்துட்டாரான்னு கேக்குறாரு."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? நான் பேசினா சிரிக்க மாட்டியே."

"சிரிக்கிற மாதிரி நீங்க என்னைக்குப் பேசினீங்க?"

அத்தான் அன்று கணவாயைத் தொடவில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகு சட்டியில் ரொட்டியைத் துடைத்துத் தின்றதை நான் பார்த்தேன்.

முற்றுகை தொடங்கியதும் வெனிஸ் தளபதியின் உத்தரவு வந்தது. பெராஸ்டின் இரண்டு படகும் சால்வுவின் இரண்டு படகும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். கரையிலிருக்கும் படைக்கு வெடிமருந்தும் குண்டும் குடிநீரும் கொண்டுபோவது, இருட்டோடு நழுவப் பார்க்கும் துருக்கிப் படகுகளை மறிப்பது. வெனிஸ் மொழி தெரிந்தவர் யெரோனிம் என்பதால், நான்கு படகும் முந்தின நாள் செய்ததைத் தினமும் காலையில் தளபதியின் கப்பலுக்குப் போய் அறிக்கை சொல்வது அவர் பொறுப்பு. அங்கே காரியதரிசி ஒருவர் கேட்டு எழுதிக்கொள்வார்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் என் அத்தானை அறியாதவராகத்தான் இருக்க வேண்டும். யாரைப் பார்த்து வயிறெரிகிறாரோ, அவன் செய்ததை அவர் வாயாலேயே தினமும் சொல்ல வைத்துவிட்டார்கள்.

காரியதரிசி ஒல்லியான மனிதர். கடற்காற்று ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் மூக்கைத் துடைத்தபடி இருப்பார். நான் அத்தானுக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"நேத்து என்ன நடந்தது, தலைவரே?"

"துருக்கிப் படகு ரெண்டு பாறை மறைவுல கட்டியிருந்துச்சு. பிடிச்சோம்."

"யாரு பிடிச்சாங்க?"

"நாங்க."

"மால்டாக்காரங்க?"

"அவங்களும் இருந்தாங்க."

நடந்தது வேறு. நாங்கள் தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டிருந்தோம். பல்லில் கத்தியைக் கடித்துக்கொண்டு நீந்திப் போய்க் கட்டுக்கயிறுகளை அறுத்துப் படகுகளை வெளியே இழுத்து வந்தவன் சால்வு. திரும்பும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அத்தான், கயிறு அறுத்தது சால்வுதானே?"

"நான் பொய் சொன்னேனா? அவன் அங்க இருந்தானா இல்லையா?"

"இருந்தார்."

"அதைத்தானே சொன்னேன். துடுப்பைப் போடு."

இப்படியே நாட்கள் போயின. நடுவில் இன்னொரு தொல்லை வந்து சேர்ந்தது. சால்வு துடுப்பு போடும்போது பாடுவான். அவன் ஊர்ப் பாட்டு, யாருக்கும் பொருள் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டுக்குக் கை தானாகவே இழுக்கும். எங்கள் படகிலிருந்த ஜூரோ முதலில் அதை முணுமுணுத்தான், பிறகு எல்லோரும். பாரம் ஏற்றிய படகு கலைமான் மாதிரி பாய்ந்தது.

"நிறுத்துங்கடா!" என்று கத்தினார் அத்தான். "நமக்குப் பாட்டு இல்லையா? நம்ம பாட்டைப் பாடுங்க."

"நம்ம பாட்டெல்லாம் செத்த வீட்டுப் பாட்டு, தலைவரே," என்றான் ஜூரோ. "அதுக்கு இழுத்தா படகு பின்னாடிதான் போகும்."

அன்று முதல் எங்கள் படகில் பாட்டு கூடாது என்று உத்தரவு. ஜூரோ சீட்டியடித்தான். சீட்டியும் கூடாது என்று உத்தரவு. அவன் தலையை மட்டும் ஆட்டத் தொடங்கினான். தலையாட்டக்கூடாது என்று எப்படி உத்தரவு போடுவது?

என் அக்காள் ஒருநாள் சொன்னது இதைவிட வேடிக்கை. அவள் துணி மடிக்க மேல் அறைக்குப் போனபோது, அத்தான் கண்ணாடி முன் நின்று சிவப்புத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாராம், சால்வு கட்டுவதைப் போலவே, இடது பக்கம் முடிச்சு தொங்கும்படி. இவளைக் கண்டதும் அவிழ்த்து எறிந்துவிட்டு, "இடுப்பு வலிக்குது, இறுக்கிக் கட்டிப் பார்த்தேன்" என்றாராம்.

கடலோரத்தில், கோட்டைச் சுவருக்கு வெளியே தள்ளி ஒரு கோபுரம் இருந்தது. அதன் மேலிருந்த பீரங்கிகள் எங்கள் படகுகளைக் கரைக்கு நெருங்கவே விடவில்லை. அதைப் பிடிக்கும் வேலை எங்கள் நான்கு படகுகளுக்கு வந்தது. விடியற்காலையில் இரண்டு பக்கமும் ஏணி வைத்து ஏற வேண்டும்.

சால்வு மணலில் குச்சியால் கோபுரத்தை வரைந்தான். "நீ வலது. நான் இடது. மேலே பார்ப்போம். சரி?"

"சரி," என்றார் அத்தான். அவன் போனதும் என் கையைப் பிடித்தார். "நாளைக்கு மேல முதல் கால் யாருதுன்னு பாரு, மாப்ள. இந்த ஊரே பாக்கட்டும்."

மறுநாள் விடிந்து கடல் சாம்பல் நிறமாக இருந்தபோது கரையில் இறங்கினோம். எங்கள் பக்கத்து நிலம் ஈர மணல். ஏணியைச் சுவரில் சாய்த்து அத்தான் நாலு படி ஏறியதுமே அதன் கால்கள் புதைந்தன. மேல் நுனி சுவரின் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டது. இறங்கிக் கல்லை அடியில் போட்டார். மறுபடி ஏறினார். மறுபடி புதைந்தது. மேலிருந்து சுடத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரம் கோபுரத்தின் மறுபக்கத்திலிருந்து சால்வுவின் குரல் கேட்டது, அதுவும் உச்சியிலிருந்து. ஏறிவிட்டான்.

அத்தான் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு எங்கள் ஏணியை விட்டார். கோபுரத்தைச் சுற்றி ஓடி சால்வுவின் ஏணியைப் பிடித்தார். அதில் ஏறிக்கொண்டிருந்த மால்டாக்காரன் ஒருவன் குண்டுபட்டு விழுந்தான். அந்த இடைவெளியில் இவர் ஏறினார், பின்னால் நான்.

மேலே போனபோது சால்வு தொடையில் குண்டுபட்டுக் கீழே கிடந்தான். துருக்கியர் மூன்று பேர் அவனை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தான் அவன் உடம்புக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. துப்பாக்கியின் அடிக்கட்டையால் ஒருவனை அடித்து வீழ்த்தினார். இன்னொருவனின் வாளைத் தோளில் வாங்கிக்கொண்டு அவனைத் தள்ளினார். நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். மற்றவர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். சால்வு கிடந்தபடியே அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"வந்தியா! இந்த இடம் கொஞ்சம் பாத்துக்க. எனக்குக் கால் வேலைக்கு ஆகலை."

பிறகு ஒருநாள் அத்தான் என்னிடம் சொன்னார்: "அவன் மேல ரத்தமா இருந்தது, மாப்ள. நான் என்ன பார்த்தேன் தெரியுமா? மேல பார்த்தேன். கொடி கட்டியாச்சான்னு. கட்டியிருந்தான். மால்டாக் கொடி."

சால்வுவைப் படகில் பெராஸ்டுக்குக் கொண்டுவந்து, அவன் தங்கியிருந்த வீட்டிலேயே கிடத்தினோம். அக்காள் புண்ணைக் கழுவிக் கட்டினாள். அவனுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. எதிர் அறையில் தோளில் கட்டோடு அத்தான் உட்கார்ந்திருந்தார். "எனக்கும்தான் வெட்டு," என்றார். "உங்களுக்குத்தான் கஞ்சியைத் திட்டுற தெம்பு இருக்கே, குடிங்க," என்றாள் அவள்.

மறுநாள் காலை அறிக்கை சொல்லப் போனோம். காரியதரிசி வழக்கம்போல் மேல்தளத்தில் வைத்துக் கேட்காமல் கப்பலின் பின்புற அறைக்கு எங்களைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அத்தானுக்கு நாற்காலி போட்டார். அதுவரை அவர் நாற்காலி போட்டதில்லை.

"தலைவரே, உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுறேன். இது என் யோசனை, தளபதிக்குத் தெரியாது. போப்பாண்டவர் ஆளுங்களுக்கும் மால்டாக்காரங்களுக்கும் யாரு முன்னாலங்கிற தகராறு தீரவே இல்ல. இப்ப மால்டாக் கொடி வேற ஏறிடுச்சு. வெனிஸோட குடிமகன் ஒருத்தர்தான் முதல்ல ஏறினாருன்னு அறிக்கையில இருந்தா எல்லார் வாயும் அடைச்சிடும். நீங்க ஏறினீங்கதானே?"

"ஏறினேன்."

"அந்த மால்டாக்காரருக்குக் காய்ச்சல். பிழைக்கிறாரோ என்னவோ. நீங்க சொல்றதுதான் அறிக்கை. உங்க பேரு வெனிஸ் சபையில வாசிக்கப்படும். தங்கச் சங்கிலி வரும்."

அத்தானுடைய கழுத்தின் பின்பக்கம் சிவந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன். ஆசை. அது எனக்குத் தெரிந்தது. ஊர்ச் சந்தையில் அடுத்தவன் வாங்கிய கழுதையைப் பார்க்கும்போதும் அப்படித்தான் சிவப்பார். தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

காரியதரிசி பேனாவை மையில் தோய்த்தார். சொல்லிக்கொண்டே எழுதினார். "மால்டா வீரர்கள் ஏணியடியில் தயங்கி நின்றார்கள். அதைக் கண்ட பெராஸ்ட் தலைவர் யெரோனிம் முன்னால் பாய்ந்து… சரிதானே?"

"தயங்கி நின்னாங்கன்னா என்ன அர்த்தம்?"

"பயந்தாங்கன்னு அர்த்தம். வேற என்ன."

"யாரு? சால்வுவா?"

"அவருந்தான்."

அத்தான் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"சால்வு பயந்தானா? ஐயா, அவன் பயந்தாங்கொள்ளியா இருந்தா நான் எதுக்கு இந்தக் கோடை முழுக்க வயிறெரிஞ்சு செத்தேன்? அவன் நீந்தினா எரிஞ்சேன், பாடினா எரிஞ்சேன், என் வீட்டு அடுப்புல சட்டி வெச்சா எரிஞ்சேன். அவனை ஒண்ணுமில்லாதவன்னு நீங்க எழுதிட்டா, அவனைப் பார்த்து எரிஞ்ச நான் யாரு? அவனைவிட ஒண்ணுமில்லாதவனா?"

காரியதரிசி மூக்கைத் துடைக்கவும் மறந்து பார்த்தார்.

"அடிங்க அதை. அடிச்சிட்டு எழுதுங்க. பாறை மறைவுல கட்டியிருந்த படகுங்க, கயிறு அறுத்தவன் சால்வு. நான் சொல்லல, இப்பச் சொல்றேன். பீப்பாய் கவுந்தப்போ வெடிமருந்து நனையாம தூக்கிப் பிடிச்சவன் சால்வு. அதையும் எழுதுங்க. நேத்துக் கோபுரத்துல முதல்ல ஏறினவன் சால்வு. கொடி கட்டினவனும் அவன்தான். ரெண்டாவதா ஏறினவன்…"

நின்றுவிட்டார்.

"ரெண்டாவதா?" என்றார் காரியதரிசி.

"நான்."

படகுக்கு இறங்கி வந்தோம். தண்ணீர் இறைக்கும் வாளியை ஓர் உதை உதைத்தார். அது கடலில் விழுந்து மிதந்தது.

"நீ எதுக்குடா மரம் மாதிரி நின்னே?" என்று என்மேல் பாய்ந்தார்.

"நான் என்ன செய்யணும் அத்தான்?"

"ஒரு இருமல் இருமியிருக்கலாம்ல! நான் கொஞ்சம் நிறுத்தி யோசிச்சிருப்பேன்ல! தங்கச் சங்கிலிடா! போச்சு!"

வீடு வந்து சேரும்வரை என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தார். வாளியை எடுக்கவும் விடவில்லை.

செப்டம்பர் முடிவில் நோவி விழுந்தது. ஊருக்கு எதிரே தீவிலிருந்த மாதா கோயிலுக்கு ஊரே படகில் போய் வந்தது. சால்வு பிழைத்துவிட்டான். அவனால் நடக்க முடியாததால் தங்கச் சங்கிலி எங்கள் அக்காள் வீட்டுக்கே வந்தது. வெனிஸ் அதிகாரி ஒருவர் கட்டிலருகே நின்று பாராட்டுரையை வாசித்தார். சால்வுவுக்கு அந்த உயர்ந்த வெனிஸ் மொழி பாதிதான் புரிந்தது. யார் மொழிபெயர்ப்பது? அத்தான்தான். "வீரத்தில் நிகரற்றவர்" என்று அதிகாரி சொன்னதும் அத்தான் சொன்னார், "நீ ரொம்ப தைரியசாலியாம்." "அஞ்சா நெஞ்சர்" என்றார் அதிகாரி. "அதையேதான் திரும்பச் சொல்றாரு," என்றார் அத்தான். அக்காள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதிகாரி போன பிறகு சால்வு கேட்டான்: "உன் பேரு எங்க? நீ என் மேல நின்னாய். அது எங்க?"

"ரெண்டாவதா ஏறினவனுக்கு உரை எழுத மாட்டாங்க."

சால்வு கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி நீட்டினான். "நீ போட்டுக்க. ஒரு வாரம் நீ. ஒரு வாரம் நான்."

"பிச்சை போடுறியாடா எனக்கு?"

அன்று அத்தான் எல்லாவற்றையும் கொட்டினார். பாட்டு, கணவாய், அக்காளின் சிரிப்பு, சிவப்பு இடுப்புத் துணி, ஈர மணல். அவன் முகத்துக்கு நேரே நின்று, "உன்னைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்று சொல்லி முடித்தார். சால்வு கவனமாகக் கேட்டான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். கட்டில் ஆடச் சிரித்தான். சிரித்த வேகத்தில் புண் பிரிந்து ரத்தம் கசிந்தது. அக்காள் ஓடிவந்து இருவரையும் சேர்த்து வைதாள்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை வெச்சிருந்தா போதும், அதையாவது ஆண்டவன் வெச்சானா?"

குளிர்காலத்துக்கு முன்பே மால்டாக் கப்பல்கள் கிளம்பின. ஊரே துறைக்குப் போனது. ஜூரோ அழுதான். அத்தான் போகவில்லை. மாடி ஜன்னலின் பலகையைப் பாதி சாத்திக்கொண்டு, கப்பல் மலை மறைவில் போகும்வரை நின்றார். துறையிலிருந்து நான் நிமிர்ந்து பார்த்தபோது பலகை சட்டென்று மூடிக்கொண்டது.

அதன் பிறகும் அவர் மாறிவிடவில்லை. யாருடைய திராட்சைக் கொடி அதிகம் காய்த்தது, யார் மகளுக்கு எங்கே வரன் வந்தது என்று பழையபடியே எரிந்துகொண்டிருந்தார். ஆனால் அதெல்லாம் சின்ன எரிச்சல். அரைமனதாக எரிவார், சீக்கிரம் அணைந்துவிடுவார். "இந்த ஊர்ல பொறாமைப்பட ஒருத்தன்கூட ஒழுங்கா இல்ல, மாப்ள," என்று ஒருநாள் மதுக்கடையில் பெருமூச்சு விட்டார்.

சில வருஷம் கழித்து மால்டாச் சரக்குக் கப்பல் ஒன்று ஒதுங்கியது. அதன் மாலுமி அக்காள் வீட்டைத் தேடி வந்து சேதி சொன்னான். சால்வு நொண்டிக்கொண்டே கல்யாணம் செய்துகொண்டானாம். ஆண் குழந்தை. பெயர் ஜ்லோர்மு.

"அது என்ன பேரு?" என்றாள் அக்காள். "கேட்டதே இல்ல."

"எங்க ஊர்ல யெரோனிமை அப்படித்தான் சொல்லுவோம்," என்றான் மாலுமி.

"என் பேரைக்கூட விட்டு வைக்கலையா அவன்?" என்று அத்தான் எகிறினார். எகிறிவிட்டு, மாலுமியின் தோளில் கைபோட்டு அவனை மதுக்கடைக்கு இழுத்துப் போனார். அங்கே எல்லோர் முன்னாலும் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். மாலுமிக்கு அன்று எவ்வளவு மது என்று கணக்கே இல்லை.

கப்பல் திரும்பும்போது சால்வுவுக்கென்று புகையில் காயவைத்த பன்றித்தொடை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அடுத்த வசந்தத்தில் அவனிடமிருந்து தேன் ஜாடி வந்தது, பெரிய ஜாடி. அத்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது என் தொடையைவிட ஒசத்தியா, மாப்ள? உண்மையைச் சொல்லு." அந்த வருஷம் இரண்டு தொடை போனது. அங்கிருந்து கம்பளி விரிப்பு வந்தது. இப்படியே இந்தப் போட்டி இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. அக்காள் வளர்க்கிற பன்றியில் பாதி மால்டாவுக்குத்தான் போகிறது.

அத்தானுக்கு இப்போது வயதாகிவிட்டது. மழைக்காலத்தில் தோள் வலிக்கிறது. போன வாரம் கூரையடியில் தொங்கிய தொடைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சின்னது, சின்னது என்று ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த மனுஷனுக்கும் வயசாயிருக்கும்," என்றாள் அக்காள். "கடிக்கப் பல்லு இருக்குதோ என்னவோ. இவ்வளவு பெருசு எதுக்கு?"

"கடிக்கவா அனுப்புறேன்? பார்க்கட்டும்னு அனுப்புறேன்."

கடைசியில் இருப்பதிலேயே பெரியதை இறக்கச் சொன்னார். துணியில் சுற்றி என் முதுகில் ஏற்றினார். நான் அதைச் சுமந்துகொண்டு துறைக்கு இறங்கினேன். பின்னாலேயே, கீழே போடாதே, நனைக்காதே என்று சொல்லிக்கொண்டு அவரும் வந்தார்.